நாலு விரல் இடம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். உண்மை என்னவென்றால், என் மனைவி என்னிடம் பேசிப் பதினோரு நாள் ஆகிறது. நேற்று பரணில் கிடந்த பெரிய பெட்டியை நாற்காலி போட்டு ஏறி அவளே இறக்கியிருக்கிறாள். மகள் வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று நினைக்கிறேன். என்னிடம் சொல்லவில்லை, சொல்வதற்குத்தான் பேச்சு வார்த்தையே இல்லையே. இதற்கெல்லாம் தாங்கள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தாங்கள் கேட்டுவிட்டுப் போன ஒரு கேள்வி காரணம் என்று மட்டும் சொல்கிறேன்.

தங்களுக்கு அது நினைவிருக்காது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர், ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்டிருப்பீர்கள், எதையென்று நினைவில் வைத்துக்கொள்வது. சென்ற மாதம் தாங்களும் அக்காவும் இங்கே வந்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். டம்ளரில் இரண்டு ஐஸ் கட்டி மிதந்தது. தாங்கள் ஒரு கட்டியை விரலால் உள்ளே அழுத்தினீர்கள், அது மறுபடி மேலே வந்தது. "கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனாலும் மிதக்குது பாரு. ஏன் மிதக்குது?" என்று கேட்டீர்கள். பொதுவாகத்தான் கேட்டீர்கள். ஆனால் மேஜையைச் சுற்றி இருந்த மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தீர்கள். ஐஸ் ஃபாக்டரியில் முப்பத்தோரு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேறு யாரைப் பார்ப்பீர்கள்? "உள்ள காத்து இருக்கு, அதனால மிதக்குது" என்றேன். தாங்கள் சிரித்தீர்கள். பெரிய சிரிப்பு இல்லை, விடைத்தாளில் பூஜ்யம் போடும்போது வாத்தியார்கள் சிரிப்பார்களே, அந்தச் சின்னச் சிரிப்பு. பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு மச்சான். நீ யோசிச்சு வை, அடுத்த தடவை வர்றப்ப சொல்றேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். கேள்வி இங்கேயே தங்கிவிட்டது.

"முப்பத்தோரு வருஷம் ஐஸோடதான் குடும்பம் நடத்தினீங்க. அது ஏன் மிதக்குதுன்னு ஒரு நாளாவது கேக்கத் தோணலையா?" என்றாள் என் மனைவி. "என் வேலை ஐஸை உறைய வைக்கிறது. மிதக்க வைக்கிறது இல்லை" என்றேன். அவள் அன்று சாயந்திரமே மகளைப் போனில் கூப்பிட்டு இதைச் சொல்லிச் சிரித்தாள். மகள் அந்தப் பக்கம் சிரித்தது ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. கேலிதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தான், ஓய்வு பெற்றவனிடம் மிச்சம் இருப்பது தெரிந்த தொழில் ஒன்றுதான். அதிலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிட்டால் நான் எதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது? காற்றுதான் காரணம் என்று நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்தபோது வீட்டில் ஃப்ரிட்ஜ், பால் பாத்திரம், பேச்சு வார்த்தை எல்லாம் நல்ல நிலைமையில் இருந்தன.

முதலில் சின்னதாக ஆரம்பித்தேன். ஐஸ் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. உருகினால் அந்தத் தலை அளவுக்குத் தண்ணீர் வழிய வேண்டும் அல்லவா? கண்ணாடி டம்ளரில் ஐஸைப் போட்டு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, சமமான இடம் வேண்டுமே என்று அவள் துணி வெட்டுகிற மேஜையில் வைத்தேன். இந்த வீட்டில் மட்டம் பார்த்துப் போட்ட மேஜை அது ஒன்றுதான். அவள் வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த மேஜையில்தான் யாருடைய துணியாவது எப்போதும் விரித்துக் கிடக்கும். அன்று ஒரு நீலத் துணி கிடந்தது. முக்கால் மணி கழித்துப் பார்த்தால் டம்ளரைச் சுற்றிக் குளம். "பாத்தியா, வழிஞ்சிடுச்சு" என்று கூப்பிட்டேன். அவள் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தன் டம்ளரோடு வந்தாள். அதை மேஜையின் ஓரத்தில் வைத்து, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துக் காட்டினாள். அதன் அடியிலும் வட்டமாக ஈரம். "என் டம்ளர்ல பாதிதான் தண்ணி இருக்கு. இதுவும் வழிஞ்சுதா? குளிர்ந்த டம்ளர்னா வெளியில வேர்க்கும். நீங்க வேர்வையைப் பாத்துட்டு வெள்ளம்னு சொல்றீங்க" என்றாள். அவள் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்த நீலத் துணியில் ஒரு பக்கத்துக் கோடு முழுக்க அழிந்து போயிருந்தது. அன்று அவள் திட்டத்தான் செய்தாள். திட்டு என்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. காற்றில்லாத ஐஸைச் செய்து தண்ணீரில் போட்டால் அது மூழ்க வேண்டும், மூழ்கினால் நான் ஜெயித்தேன் என்று கணக்குப் போட்டேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் அதிலிருக்கும் காற்று போய்விடும். பால் பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்தேன். காற்றும் போய்விட்டது, தண்ணீரும் போய்விட்டது, பாத்திரத்தின் அடியும் கரிந்து போய்விட்டது. இரண்டாவது தடவை அடுப்புப் பக்கத்திலேயே நின்று கொதிக்க வைத்து ஆற வைத்தேன். இதை ஊற்றிவைக்க இறுக்கமான மூடி போட்ட பாத்திரம் ஒன்று வேண்டும். சமையலறையில் இருந்த டப்பா எதற்கும் மூடி சரியில்லை. தையல் மெஷின் பக்கத்தில் அவள் பொத்தான் போட்டு வைத்திருப்பாளே ஒரு கனத்த கண்ணாடி ஜாடி, தாங்கள்கூட ஒரு தடவை கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தீர்களே, அதன் மேல் என் கண் போனது. அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஊரை விட்டுப் போகும்போது, அத்தனை பெண்களில் இவளைக் கூப்பிட்டுக் கொடுத்த ஜாடி அது. நான் அவள் வாழ்க்கையில் வருவதற்கு முந்தியே வந்துவிட்டது. பொத்தான்களை ஒரு தலையணை உறையில் கொட்டினேன். ஒரு துளிக் காற்றுக்கும் இடமில்லாமல் விளிம்பு வரை தண்ணீரை நிரப்பி, ஜாடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகி, ஃப்ரீசரில் வைத்தேன். ஃபாக்டரியில் ஐஸ் உறைய வைக்கிற நீளமான தகர டின்னில் தண்ணீர் பிடிக்கும்போது, "மேல நாலு விரல் இடம் விடு, நாலு விரல் இடம் விடு" என்று தினமும் கத்தியவன் நான். கத்திய அதே ஆள்தான் இந்த ஜாடியைத் தளும்பத் தளும்ப நிரப்பினேன். வீட்டில் யாரும் கத்தவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மறுநாள் மதியம் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து பட்டென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் போய்த் திறந்தோம். ஜாடி மூன்று பெரிய துண்டாகவும் நிறையச் சின்னத் துண்டுகளாகவும் கிடந்தது. நடுவில் ஐஸ் மட்டும் ஜாடியின் உருவத்தில் அப்படியே நின்றது, கழுத்துக்கூட இருந்தது. அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "பாரு, ஐஸ் முழுசா நிக்குது. கண்ணாடிதான் தரமில்லாத கண்ணாடி" என்றேன். அவள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது. நான் அந்த ஐஸை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். காற்றில்லாத ஐஸ், அவ்வளவு பாடுபட்டுச் செய்த ஐஸ், ஒரு அமுங்கு அமுங்கிவிட்டு ஜம்மென்று மேலே வந்து மிதந்தது.

ஃப்ரீசரில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச ஐஸையும் கண்ணாடித் தூளையும் எடுக்க வேண்டும் என்று ஸ்க்ரூட்ரைவரை வைத்துக் குத்தினேன். மூன்றாவது குத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஃபாக்டரியில் அந்தச் சத்தம் வந்தால் ஓடிப்போய் வால்வை மூடுவோம். இங்கே மூட வால்வு இல்லை. குழாயில் ஓட்டை போட்டுக் குளிர் வைக்கிற வாயுவை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இரண்டு நாள் கழித்து வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க இதைக் குத்தினது?" என்றார். என் மனைவி கையிலிருந்த கத்தரிக்கோலால் என்னைக் காட்டினாள். "சார் எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். "ஐஸ் ஃபாக்டரி" என்றேன். அவர் மறுபடி டார்ச் அடித்து ஓட்டையைப் பார்த்தார். இங்கே இன்னொன்றும் நடந்தது. என் மனைவி அவரிடம், "உங்களுக்கு டீ போடறேன். அவருக்கும் சேத்துப் போடணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். மெக்கானிக் என் பக்கம் திரும்பிக் கேட்டார், நான் அவரிடம் போடச் சொன்னேன், அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். நல்ல மனிதர், முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

வேலை நடுவே அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "காத்தெல்லாம் இல்லை சார்" என்றார், குழாயைப் பற்றவைத்துக்கொண்டே. "தண்ணியா இருக்கறப்ப அதுக்குள்ள இருக்கற துகளெல்லாம் கூட்டமான பஸ்ல ஜனங்க நிக்கற மாதிரி. இடிச்சுக்கிட்டு, நகந்துக்கிட்டே இருக்கும். உறையறப்ப ஒண்ணொண்ணும் பக்கத்துல இருக்கறதைக் கை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னுடும். கை நீட்டணும்னா நடுவுல இடம் வேணுமில்ல? அதே ஆளுங்கதான், அதே எடைதான், ஆனா பஸ்ஸு பத்தலை. அதான் உங்க ஜாடி உடைஞ்சது." நான், "நான் கேட்டது ஏன் மிதக்குதுன்னு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார். அதே எடை கூடுதல் இடத்துல பரவி நின்னா, அத்தனை இடத்துத் தண்ணியை விட லேசாத்தானே இருக்கும்? அதான் மிதக்குது. பத்துல ஒம்போது பங்கு உள்ள கிடக்கும், ஒரு பங்கு வெளிய தெரியும்." இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துப் புத்தகத்துலயே இருக்கு சார்" என்றார். தையல் மெஷின் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது.

எனக்கு ஒப்பவில்லை. குளிர்ந்தால் எல்லாப் பொருளும் சுருங்கும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தண்ணீருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? ஆகவே கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி நாலில் மூன்றை அந்தக் கரிந்த பால் பாத்திரத்திலேயே போட்டு உருக்கி, அதில் ஒரு மெழுகுத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். துண்டு நேரே அடியில் போய் உட்கார்ந்தது. மெழுகு சுருங்குகிறது, மூழ்குகிறது. தண்ணீர்தான் உலக வழக்கத்துக்கு எதிராக உறையும்போது ஊதுகிறது, மிதக்கிறது. மெக்கானிக் சொன்னது சரி. பாத்திரம் இனி எதற்கும் ஆகாது.

முந்தாநாள் மனசு கேட்காமல் பழைய ஃபாக்டரிக்குப் போனேன். வாசலில் நுழைந்ததுமே, டின்னில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பழைய ஆள் உள்ளே பார்த்து, "ஏய், நாலு விரல் வந்திருக்காரு" என்று குரல் கொடுத்தார். அப்புறம் நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு அதுதான் பெயராம். கோபப்படக்கூடத் தெம்பில்லை. உறைந்த டின்னை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் கட்டியைத் தனியே கழற்றுகிற இடத்தில் போய் நின்றேன். உள்ளே காற்று அடைபட்டு வெளுத்துப்போன வெள்ளைக் கட்டி ஒன்று, கண்ணாடிக் கட்டி ஒன்று, இரண்டையும் தொட்டியில் விடச் சொன்னேன். கண்ணாடிக் கட்டி என்றால், உறைகிற நேரம் முழுக்கக் குழாய் விட்டுத் தண்ணீரை அசைத்துக்கொண்டே இருந்து, ஒரு காற்றுக் குமிழிகூட உள்ளே தங்காமல் செய்கிற ஐஸ். அதில் காற்றே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான், அத்தான், ஃபாக்டரியில் எனக்கு அந்த வேலையையே கொடுத்திருந்தார்கள். இரண்டு கட்டியும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. முப்பத்தோரு வருஷமும் அப்படித்தான் மிதந்திருக்கின்றன, என் கண் முன்னாலேயே.

அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்று, "சார், நாலு விரல் எதுக்கு விடச் சொன்னீங்க? பயத்துல நாங்க கேட்டதே இல்லை" என்றார். "உறையறப்ப ஊதும். இடம் விடலைன்னா டின்னு பிதுங்கிடும்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாங்கள் கேட்ட கேள்விக்கு அதுதானே விடை? ஊதுவதால்தான் டின் பிதுங்குகிறது, ஊதுவதால்தான் ஜாடி உடைந்தது, ஊதுவதால்தான் ஐஸ் மிதக்கிறது. விடையை நான் தினமும் நாற்பது தடவை கத்தியிருக்கிறேன். கேள்விதான் என்னிடம் வந்து சேரவில்லை.

இதைச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்தேன். "இங்க பாரு, கண்டுபிடிச்சிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவள் மெஷினின் பெடலை மிதித்தாள். நான் குரலை உயர்த்தினேன், அவள் வேகமாக மிதித்தாள். இப்படி மூன்று தடவை ஆனபிறகு நான் போய்ப் படுத்துக்கொண்டேன். நேற்றுக் காலையில் பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஒன்று சொல்கிறேன் அத்தான், தாங்கள் சிரிக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். மெஷினும் அதிலேதான், அடுப்பும் அதிலேதான். நாள் முழுக்க ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டு இருந்தோம், இடம் போதாது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இப்போது மூன்று அறை. அவள் ஹாலுக்கு வந்தால் நான் பால்கனிக்குப் போகிறேன், நான் சமையலறைக்குப் போனால் அவள் அறைக்குள் போகிறாள். அதே இரண்டு பேர்தான், எடைகூடப் பெரிதாக ஏறிவிடவில்லை. மூன்று அறை போதவில்லை. எனக்கு அவள் பேச வேண்டும். திட்டினால்கூடப் போதும்.

ஆகவே தங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். தாங்கள் சொன்னால் அவள் கேட்பாள். அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எப்போதும் சொல்பவள். இந்தக் கடிதம் கண்டதும் அவள் பேருக்கு ஒரு கடிதம் எழுதவும். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு ஊதும் என்றும், ஜாடி உடைந்தது இயற்கை விதி என்றும், எந்த வீட்டில் எந்த ஜாடியாக இருந்தாலும் உடைந்தே தீரும் என்றும், இதில் உன் புருஷன் செய்தது ஒன்றுமில்லை என்றும் தெளிவாக எழுதவும். முடிந்தால் படம் போட்டு விளக்கவும். அவள் பெட்டியில் துணி அடுக்குவதற்குள் கடிதம் வந்து சேர்ந்தால் நல்லது.

அக்காவை மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்கள் கையால் வரும் நாலு வரியை எதிர்பார்த்து, ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல் காத்திருக்கும்,

தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பெரும்பகுதி தப்பு. கடிதத்தைத் தையல் மேஜையில் வைத்துவிட்டுத் தபால் தலை தேடப் போனேன். திரும்பி வந்தால் அவள் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "இயற்கை விதி" என்கிற இடத்துக்குக் கீழே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள். தாங்களும் அதைப் பார்க்கலாம். "பெட்டியை இறக்கினது ஊருக்குப் போறதுக்கு இல்லை. உங்க தண்ணியிலேருந்து ஜனங்களோட துணியைக் காப்பாத்தி வைக்கறதுக்கு" என்றாள். அப்புறம், "நான் பேசலைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க பேசினீங்களா? ஐஸைப் பத்திச் சொன்னீங்க, மெழுகைப் பத்திச் சொன்னீங்க. ஏன் உடைஞ்சதுன்னு மெக்கானிக்குக்குத் தெரியுது, ஃபாக்டரிக்குத் தெரியுது, இப்ப அண்ணாவுக்கும் தெரியப் போகுது. யார் உடைச்சாங்கன்னு ஒரு தடவை சொன்னீங்களா?" என்றாள். இத்தனை பக்கம் எழுதியவனுக்கு அது தோன்றவில்லை அத்தான். "நான்தான் உடைச்சேன்" என்றேன். "அந்த ஜாடி உனக்கு என்னன்னு தெரிஞ்சும் எடுத்தேன்" என்றும் சொன்னேன். அவள் கையிலிருந்த சாக்கட்டியை மேஜையில் வைத்தாள். பிறகு, "பால் பாத்திரத்தைத் தூக்கிப் போடுங்க, இனிமே தேச்சுப் பிரயோஜனமில்லை" என்றாள். ஆகவே தாங்கள் அவளுக்குக் கடிதம் எழுத வேண்டாம், படமும் வேண்டாம். பொத்தான்கள் இன்னும் தலையணை உறையில்தான் கிடக்கின்றன. அடுத்த முறை வரும்போது கேள்வி எதுவும் கொண்டு வராமல் வந்தால் போதும்.

இதை ஒட்டப் போகிற நேரத்தில் அவள் சமையலறையில் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் மேலே இடம் விட்டிருந்தாள். நான் விரலை வைத்து அளந்தேன், சரியாக நாலு விரல். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கல்யாணமான புதுசுல நீங்கதானே சொன்னீங்க. அன்னையிலேருந்து இப்படித்தான் விடறேன்" என்றாள். எனக்குச் சொன்ன நினைவே இல்லை, அத்தான்.